அத்தியாயம் 7: சாக்லேட் பிரவுனி

பேக்கிங் பழக ஆரம்பிப்பவர்கள் எதை முதலில் செய்து பார்க்கலாம் என்று கேட்டால் பிரவுனி என்றுதான் சொல்வேன். ஸ்பாஞ்ச் கேக்குக்கு முட்டையை நுரைக்க அடிக்கத் தெரிய வேண்டும். ரொட்டிக்கு ஈஸ்ட்டின் குணம் தெரிய வேண்டும், கை சலிக்கப் பிசைய வேண்டும். பிரவுனிக்கு பீட்டர் வேண்டாம், பேக்கிங் பவுடர் வேண்டாம், மேலே பூச ஐசிங்கும் வேண்டாம். இரண்டு பாத்திரம், ஒரு விஸ்க், ஒரு ஸ்பாட்டுலா போதும். கலக்க 15 நிமிடம், வேக அரை மணிக்கும் குறைவு.

அது விட்டுக்கொடுக்காத இடம் ஒன்றுதான்: ஓவனிலிருந்து எடுக்கும் நேரம். ஐந்து நிமிடம் முந்தினால் நடுவில் கூழ். ஐந்து நிமிடம் பிந்தினால் தொண்டையில் அடைக்கும் சாக்லேட் கேக். இந்த அத்தியாயத்தில் பொருள், அளவு, டின், சூடு என்று நான் சொல்லப்போகும் எல்லாமே அந்தச் சில நிமிடங்களை நீங்கள் தவறவிடாமல் பிடிப்பதற்கான ஏற்பாடுகள்.

இது உப்பாத கேக் அல்ல

பிரவுனி அமெரிக்கப் பலகாரம். சிகாகோ நகரின் பாமர் ஹவுஸ் ஹோட்டல் அதற்கு உரிமை கொண்டாடுகிறது. 1893இல் அந்த ஊரில் உலகக் கண்காட்சி நடந்தது. கண்காட்சிக்கு வரும் பெண்களின் மதிய உணவுப் பெட்டிக்குள் வைக்கத் தோதாக, கையில் எடுத்துச் சாப்பிடும்படி ஓர் இனிப்பு வேண்டும் என்று ஹோட்டல் முதலாளியின் மனைவி பெர்த்தா பாமர் கேட்டதாகவும், சமையல்காரர்கள் வால்நட் தூவி ஆப்ரிகாட் பாகு பூசிய ஒன்றைச் செய்து கொடுத்ததாகவும் ஹோட்டல்காரர்கள் சொல்கிறார்கள். அந்த வகை இன்றும் அங்கே கிடைக்கிறது. அச்சேறிய வரலாறு கொஞ்சம் வேறு. பாஸ்டன் சமையல் பள்ளியின் ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் பிரவுனி இருக்கிறது, ஆனால் அதில் சாக்லேட் கிடையாது. மொலாசஸ் பாகு ஊற்றிச் சிறு அச்சுகளில் சுட்ட பலகாரம் அது. அதே நூலின் 1906 பதிப்பில்தான் சாக்லேட் பிரவுனி இடம்பெற்றது.

யாரோ ஓர் அம்மா கேக்கில் பேக்கிங் பவுடர் போட மறந்தார், பிரவுனி பிறந்தது என்று ஒரு கதையும் உலவுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கதை பொய்யாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. அதை நம்புகிறவர்கள் பிரவுனியை உப்பவைக்கப் பார்க்கிறார்களே, அதுதான் வருத்தம். பவுண்டு கேக்கில் மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை எல்லாம் சம எடை. கீழே நான் தரும் பிரவுனியில் மைதா 75 கிராம், வெண்ணெயும் சாக்லேட்டும் சேர்ந்து 270 கிராம். மாவு என்பது இங்கே கொழுப்பையும் சர்க்கரையையும் பிடித்து நிறுத்துவதற்கான பந்தல்கால் மட்டுமே. கால் அதிகமானால் பிரவுனி கேக்காகிவிடும்.

தேவையானவை

8 அங்குலச் சதுர டின் ஒன்றுக்கு இந்த அளவு. 16 துண்டுகள் வரும்.

டார்க் சாக்லேட் – 150 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் – 120 கிராம்
சர்க்கரை – 200 கிராம்
முட்டை – 3
மைதா – 75 கிராம்
கோகோ பவுடர் – 25 கிராம்
உப்பு – கால் டீஸ்பூன்
வெனிலா எசென்ஸ் – 1 டீஸ்பூன்
இன்ஸ்டன்ட் காபித் தூள் – 1 டீஸ்பூன்
வால்நட் – 50 கிராம் (விரும்பினால்)

கிராமில் எழுதியிருப்பதை கப்பில் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். மைதாவைச் சல்லடையில் சலித்து கப்பில் போட்டால் ஓர் எடை, பாக்கெட்டுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் அதைவிட நன்றாகக் கூடிய எடை. மாவே குறைவாக இருக்கும் பலகாரத்தில் இந்த வித்தியாசம் தாங்காது. சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். இந்த நூலில் உள்ள எல்லா அத்தியாயங்களுக்கும் அது உழைக்கும்.

சாக்லேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

கடையில் பேக்கிங்குக்கு என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது காம்பவுண்ட் பட்டை. அது முழுச் சாக்லேட் அல்ல. கோகோ விதையில் உள்ள இயற்கையான கொழுப்புக்கு கோகோ பட்டர் என்று பெயர். அதை எடுத்துவிட்டு, விலை குறைந்த தாவரக் கொழுப்பைச் சேர்த்துச் செய்வதுதான் காம்பவுண்ட். உருக்கி ஊற்றினால் உடனே பளபளவென்று உறையும், வெயிலிலும் எளிதில் இளகாது. மோல்டில் ஊற்றும் வேலைக்கும் கேக்கின் மேல் பூசவும் அது சௌகரியம். ஆனால் பிரவுனியில் சாக்லேட்தான் உள்ளடக்கம். காம்பவுண்ட் போட்டுச் செய்த பிரவுனியைச் சாப்பிட்டால் அண்ணத்தில் மெழுகு படிந்ததுபோல் இருக்கும், வாசனையும் சீக்கிரம் மறைந்துவிடும். அதற்குக் காரணம், கோகோ பட்டர் நம் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே, 34 டிகிரி அளவில் முழுவதும் உருகிவிடுகிறது. வாயில் வைத்ததும் கரைகிறது. பல தாவரக் கொழுப்புகள் அப்படிக் கரைவதில்லை.

வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள். பொருட்பட்டியலில் கோகோ சாலிட்ஸ், கோகோ பட்டர் என்று இருந்தால் எடுங்கள். ஹைட்ரஜனேற்றம் செய்த தாவரக் கொழுப்பு என்று இருந்தால் வைத்துவிடுங்கள். பேக்கிங் கடைக்குப் போக முடியாவிட்டால், பலசரக்குக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் சாதாரண டார்க் சாக்லேட் பட்டையே போதும். 50 முதல் 60 சதவீதம் கோகோ உள்ளது இந்த அளவுக்குப் பொருந்தும். 70க்கு மேல் போனால் கோகோ கூடி சர்க்கரை குறைகிறது. அப்போது பிரவுனி கசப்பாகவும் உதிரியாகவும் வரும், சர்க்கரையை 30 கிராம் கூட்ட வேண்டியிருக்கும். மில்க் சாக்லேட் வேண்டாம். அதில் சர்க்கரையும் பாலும்தான் அதிகம், ஓவனிலிருந்து வெளியே வரும்போது சாக்லேட் வாசனை தேட வேண்டியிருக்கும்.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. அந்தக் காய்களிலிருந்து அங்கேயே சாக்லேட் செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள். விலை கொஞ்சம் கூடுதல். ஒரு தடவையாவது வாங்கி இதைச் செய்து பாருங்கள், பணத்துக்கு மோசமில்லை.

கோகோ பவுடரில் இரண்டு ரகம் உண்டு. வெளிர் நிறத்தில் லேசான புளிப்போடு இருப்பது இயற்கையானது. காரப்பொருள் சேர்த்துப் பக்குவப்படுத்தி, அடர்நிறத்தில் புளிப்பில்லாமல் இருப்பது டச்சு ரகம். நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த முறை அது. கேக்கில் சமையல் சோடா போடும்போது எந்த ரகம் என்று பார்த்தாக வேண்டும். பிரவுனியில் சோடா இல்லை என்பதால் இரண்டும் ஒத்துவரும். எனக்குப் பிடித்தது டச்சு ரகம். டிரிங்கிங் சாக்லேட் பவுடரை மட்டும் கோகோவுக்குப் பதில் போட்டுவிடாதீர்கள். அதில் பெரும்பங்கு சர்க்கரை.

மற்ற பொருட்கள்

உப்புச் சேர்த்த மஞ்சள் வெண்ணெய்தான் வீட்டில் இருக்கிறது என்றால் அதையே போடலாம், தனியாக உப்புப் போடாதீர்கள். வீட்டில் தயிர் கடைந்தெடுத்த வெண்ணெய்க்குள் மோர் தங்கியிருக்கும். அதைக் குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று தடவை கழுவி, நன்றாகப் பிழிந்துவிட்டு எடைபோட வேண்டும். நெய் வேண்டாம் என்பது என் கருத்து. நெய் மணம் சாக்லேட் மணத்தை அமுக்கிவிடும்.

நம் சர்க்கரைப் பரல் பெரியது, முட்டையில் சீக்கிரம் கரையாது. மிக்ஸியில் இரண்டு சுற்று ஓட்டி நொய்ப்பதமாக்கிக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் ஐசிங் சுகரில் சோளமாவு கலந்திருக்கும், அது இதற்கு ஆகாது. 200 கிராமில் 50 கிராமை நாட்டுச் சர்க்கரையாகப் போட்டால் சுவை ஆழமாகும், அதில் மிஞ்சியிருக்கும் பாகு ஈரத்தையும் பிடித்துவைக்கும். சலித்துவிட்டுப் போடுங்கள். முழுவதையும் நாட்டுச் சர்க்கரையாக்கினால் மேற்பரப்பின் மினுமினுப்பு போய்விடும், வெட்டும்போது கையில் ஒட்டும். இனிப்பு அதிகமாகத் தெரிகிறதே என்று சர்க்கரையைப் பாதியாக்குபவர்கள் உண்டு. சர்க்கரை இங்கே இனிப்புக்கு மட்டுமல்ல, ஈரத்துக்கும் மேல் பொருக்குக்கும் அதுதான் ஆதாரம். குறைத்தே ஆக வேண்டுமென்றால் 170 கிராம் வரை குறைக்கலாம், அதற்குக் கீழே போக வேண்டாம்.

முட்டையை ஒரு மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். சில்லென்ற முட்டை பட்டால் உருகிய சாக்லேட் இறுகும். காபித் தூள் காபிச் சுவைக்காக அல்ல. அந்த அளவில் காபி தனியாகத் தெரியாது, சாக்லேட்டின் கசப்பைத் தூக்கிக் காட்டும். முட்டை வாடை பிடிக்காதவர்களுக்கும் அது உதவும். இன்ஸ்டன்ட் தூள் இல்லாவிட்டால் திக்கான முதல் டிகாஷன் ஒரு டேபிள்ஸ்பூன். ஆனால் அதை முட்டையோடுதான் சேர்க்க வேண்டும், சாக்லேட்டோடு அல்ல. ஏன் என்பது அடுத்து வருகிறது.

செய்முறை

முதலில் ஓவன். 170 டிகிரியில், மேல்கம்பி கீழ்க்கம்பி இரண்டும் எரியும்படி வைத்து, 15 நிமிடம் சூடாக்குங்கள். காற்றாடி சுழலும் கன்வெக்ஷன் முறை என்றால் 155 போதும். ஓடிஜியின் திருகு காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பல வீடுகளில் ஒத்துப்போவதில்லை. உள்ளே தொங்கவிடும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் உங்கள் ஓவனின் குணம் ஒரே நாளில் புரிந்துவிடும்.

டின்னுக்குள் பேக்கிங் பேப்பர் விரியுங்கள். இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், பிறகு பிரவுனியை முழுதாகத் தூக்க அதுதான் கைப்பிடி. மலிவான பட்டர் பேப்பர் சில சமயம் அடியில் ஒட்டிக்கொள்ளும். அதுதான் கிடைத்தது என்றால் வெண்ணெய் தடவிவிட்டு விரியுங்கள். டின் அலுமினியமாக இருப்பது நல்லது. கண்ணாடித் தட்டு சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு, வெளியே எடுத்த பிறகும் ஓரங்களை வேகவைத்துக்கொண்டே இருக்கும். அதில் செய்தால் சூட்டை 10 டிகிரி குறையுங்கள்.

ஒரு பாத்திரத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, தீயை முழுவதும் சிறிதாக்குங்கள். அதன் மேல் உட்காரும் அளவில் இன்னொரு கிண்ணம் வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது, ஆவிதான் தொட வேண்டும். பொடியாக நறுக்கிய சாக்லேட்டையும் வெண்ணெயையும் அதில் போட்டு, முக்கால்வாசி உருகியதும் இறக்கிவிடுங்கள். மிச்சம் அந்தச் சூட்டிலேயே உருகும். மைக்ரோவேவில் என்றால் 30 விநாடி வைத்து எடுத்துக் கிளறி, மறுபடியும் 30 விநாடி. கிண்ணமும் கரண்டியும் ஈரமில்லாமல் துடைத்திருக்க வேண்டும். உருகிய சாக்லேட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தால், உள்ளே இருக்கும் சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி, முழுவதும் கட்டியாகிவிடும். டிகாஷனை இதில் ஊற்றாதீர்கள் என்றது இதனால்தான். காபித் தூளை இப்போது தூவிக் கலக்கலாம். கிண்ணம் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும்.

இன்னொரு பாத்திரத்தில் முட்டை, சர்க்கரை, உப்பு, வெனிலா போட்டு விஸ்க்கால் மூன்று நான்கு நிமிடம் விடாமல் அடியுங்கள். நிறம் வெளுத்து, கொஞ்சம் கெட்டியாகி, விரலில் எடுத்துத் தேய்த்தால் பரல் நெருடாமல் இருக்க வேண்டும். இந்தச் செய்முறையில் கை உழைக்கும் இடம் இது ஒன்றுதான், இதை அவசரப்படுத்தாதீர்கள். கடைப் பிரவுனியின் மேல் காகிதம்போல் மெல்லிய, மின்னுகிற, வெடிப்புவிட்ட தோல் ஒன்று இருக்குமே, அது வருவது இங்கேதான். கரைந்த சர்க்கரையும் முட்டையின் வெள்ளைக்கருவும் ஓவன் சூட்டில் மேலே உலர்ந்து அந்தத் தோலாகின்றன. சர்க்கரை கரையாவிட்டால் மேற்பரப்பு மங்கலாக இருக்கும். சுவைக்கு அதனால் நட்டமில்லை என்றாலும், பல்லில் படும் அந்த மொறுமொறுப்பு எனக்கு முக்கியம்.

சாக்லேட் கலவையை இதில் ஊற்றி ஒன்றாகும்வரை கலக்குங்கள். மைதாவையும் கோகோவையும் சேர்த்துச் சலித்து மேலே போடுங்கள். இப்போது விஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு ஸ்பாட்டுலாவை எடுங்கள். அடியிலிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டி, வெள்ளை மாவு கண்ணில் படாத அந்த நொடியில் நிறுத்துங்கள். அதற்குமேல் கிளறினால் மைதாவின் குளூட்டன் இழுபட்டு பிரவுனி ரப்பராகும். வால்நட் சேர்ப்பதானால் ஓவன் சூடாகும்போதே 8 நிமிடம் உள்ளே வைத்து வறுத்து, ஆறவைத்து, ஒன்றிரண்டாக உடைத்து இந்தக் கட்டத்தில் போடுங்கள். வாங்கிய வால்நட்டை முதலில் ஒன்று கடித்துப் பாருங்கள். சிக்கெண்ணெய் வாடை அடித்தால் வேண்டாம், ஒரு பருப்பு முழு டின்னையும் கெடுக்கும். முந்திரியும் போடலாம். ஆனால் வால்நட்டின் லேசான கசப்புதான் இவ்வளவு இனிப்புக்குச் சரியான துணை.

டின்னில் ஊற்றி, மூலைகள் வரை சமமாகப் பரப்பி, நடுத்தட்டில் வையுங்கள். மாவு ஒட்டிய கரண்டியைக் குழந்தைகள் நக்கக் கேட்பார்கள். அதில் பச்சை முட்டையும் பச்சை மைதாவும் இருக்கின்றன. கொடுக்காதீர்கள்.

எடுக்கும் நேரம்

22 நிமிடம் ஆனதும் முதல் தடவை பாருங்கள். பெரும்பாலான ஓவன்களில் 25 முதல் 28 நிமிடத்துக்குள் வெந்துவிடும். ஆனால் கடிகாரத்தை நம்பி எடுக்க வேண்டாம். கடிகாரம் எப்போது பார்க்க ஆரம்பிக்க வேண்டும் என்பதை மட்டும்தான் சொல்லும்.

முதலில் கண்ணால் பாருங்கள். ஓரங்கள் லேசாக உயர்ந்து, பேப்பரிலிருந்து விலகத் தொடங்கியிருக்கும். மேற்பரப்பு முழுவதும் தோல் கட்டியிருக்கும். டின்னை மெல்ல அசைத்தால் நடுப்பகுதி அலையடிக்கக் கூடாது, லேசாக அதிரலாம். அடுத்து டூத்பிக். நட்டநடுவில் குத்தாமல், நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் குத்தி எடுங்கள். இட்லிக்கும் கேக்குக்கும் குச்சி சுத்தமாக வர வேண்டும். பிரவுனிக்கு அப்படி வந்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். குச்சியில் பளபளவென்று ஈரமாவு வழிந்தால் இன்னும் மூன்று நிமிடம். ஈரமான துகள்கள் நாலைந்து ஒட்டிக்கொண்டு வந்தால் அப்போதே எடுங்கள். இன்னும் ஒரு நிமிடம் இருக்கட்டுமே என்று தோன்றும். கேட்காதீர்கள். சூடான டின்னுக்குள் வேகல் வெளியே வந்த பிறகும் தொடர்கிறது, அந்த ஒரு நிமிடத்தை டின் தானாகவே எடுத்துக்கொள்ளும். சாக்லேட் சிப்ஸ் போட்டிருந்தால் குச்சி உருகிய சிப்ஸில் குத்தி ஏமாற்றலாம். இரண்டு இடத்தில் குத்திப் பாருங்கள்.

நடு மெதுவாக இருக்கிறதே, முட்டை வெந்திருக்குமா என்ற பயம் நியாயமானது. ஈரத்துகள் ஒட்டும் கட்டத்தில் உள்சூடு 80 டிகிரியைத் தாண்டியிருக்கும். முட்டையில் இருக்கக்கூடிய கிருமிகள் 71 டிகிரியிலேயே அழிந்துவிடுகின்றன. அந்த மென்மைக்குக் காரணம் வேகாத முட்டை அல்ல, சூட்டில் உருகிய நிலையில் இருக்கும் வெண்ணெயும் சாக்லேட்டும்தான்.

அதனால்தான் ஆறுவதும் சமையலில் ஒரு பாதி என்கிறேன். டின்னோடு இரண்டு மணி நேரம் வெளியே வைத்து முழுவதும் ஆறவிடுங்கள், பிறகு ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில். சூட்டோடு வெட்டினால் குழைந்து ஒட்டும், வேகவில்லை என்று நினைத்து மறுபடி ஓவனில் வைக்கத் தோன்றும். நன்றாக ஆறியதும் பேப்பரைப் பிடித்துத் தூக்கி, நீளமான கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும். கத்தியை இழுக்காமல் நேராக அழுத்துங்கள்.

ஓவன் இல்லாத வீட்டில்

பழைய அலுமினியக் குக்கர் போதும். மூடியில் இருக்கும் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். இதை மறந்து அடுப்பில் ஏற்றவே கூடாது. அடியில் ஒன்றரைக் கப் கல்லுப்பு பரப்பி, அதன் மேல் ஒரு ஸ்டாண்டு வைத்து மூடி, நடுத்தரத் தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். டின்னைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி வேண்டும், சூடு சுழல்வதற்கு. அகலமான குக்கரில் 7 அங்குல வட்ட டின் வைக்கலாம். அதற்கு மேலே சொன்னதில் மூன்றில் இரண்டு பங்கு: சாக்லேட் 100, வெண்ணெய் 80, சர்க்கரை 135, மைதா 50, கோகோ 17 கிராம், முட்டை 2. உள்ளே வைத்ததும் தீயைச் சிறிதாக்குங்கள். 35 முதல் 40 நிமிடம் ஆகும், 30இல் முதல் தடவை பாருங்கள். மேலிருந்து சூடு படாததால் தோல் அவ்வளவாக மின்னாது. மற்றபடி உள்ளே இருக்கும் பதம் ஓவன் பிரவுனிக்குக் குறைந்ததல்ல. உப்பைப் பத்திரப்படுத்தி அடுத்த பேக்கிங்குக்கு வைத்துக்கொள்ளலாம், சமையலுக்கு எடுக்க வேண்டாம். நான்ஸ்டிக் பாத்திரத்தை இப்படி வெறுஞ்சூட்டில் வைக்காதீர்கள்.

முட்டை சேர்க்காதவர்களுக்கு

டார்க் சாக்லேட் 100 கிராம், வெண்ணெய் 100 கிராம் உருக்கி, கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், சர்க்கரை 50 கிராம், பால் 90 மில்லி, வெனிலா சேர்த்துக் கலக்குங்கள். மைதா 100 கிராம், கோகோ 25 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு சலித்துப் போட்டுப் புரட்டி, அதே 8 அங்குல டின்னில் 170 டிகிரியில் வையுங்கள். 20 நிமிடத்திலிருந்து பாருங்கள். முட்டை இல்லாததால் தாங்கிப் பிடிக்க மாவு கொஞ்சம் கூடியிருக்கிறது, அந்த மாவு கனத்துவிடாமலிருக்க இங்கே மட்டும் பேக்கிங் பவுடர். மின்னும் தோல் இதில் வராது. ஆனால் கண்டென்ஸ்டு மில்க் தரும் பால்கோவா வாசனையுள்ள இந்த வகையை விரும்பிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

கோகோ மட்டும் இருந்தால்

சாக்லேட் பட்டை கிடைக்காத ஊரிலும் பிரவுனி செய்யலாம். வெண்ணெய் 140, சர்க்கரை 220, கோகோ பவுடர் 75 கிராம், உப்பு எல்லாவற்றையும் ஆவிச்சூட்டில் ஒன்றாகக் கலந்து, ஆறியதும் வெனிலாவும் முட்டை மூன்றும் ஒவ்வொன்றாக அடித்துச் சேர்த்து, கடைசியில் மைதா 65 கிராம். சூடும் நேரமும் முதல் செய்முறைக்குச் சொன்னவையே. வசதியில்லாததால் செய்வது என்று இதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். கோகோ பட்டர் அறைச் சூட்டில் கெட்டிப்படும், பசுவெண்ணெய் அதைவிட மெதுவாக இருக்கும். பட்டையை விட்டுவிட்டு வெண்ணெயைக் கூட்டுவதால் இந்தப் பிரவுனி அடுத்த நாளும் மெதுவாகவே இருக்கிறது. அமெரிக்க நூலாசிரியர் ஆலிஸ் மெட்ரிச் இந்தக் காரணத்துக்காகவே கோகோ பிரவுனியை முன்னிறுத்தி எழுதினார்.

பிழை வந்தால்

உதிர்கிறது என்றால் அதிகம் வெந்திருக்கிறது, அல்லது மைதா கூடியிருக்கிறது. மேலே எண்ணெய் மிதந்தால் சாக்லேட் கலவை கொதிக்கக் கொதிக்க முட்டையில் விழுந்திருக்கும். ஓரம் கருகி நடு வேகாமலிருந்தால் ஓவன் சூடு அதிகம், அடுத்த தடவை 10 டிகிரி குறைத்து 5 நிமிடம் கூட்டுங்கள். உலர்ந்துபோன பிரவுனியைத் தூக்கிப் போட வேண்டாம். உதிர்த்து வெனிலா ஐஸ்கிரீமில் கலந்து வைத்தால் அரை மணியில் காலியாகும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு நாள் வெளியே இருக்கும், ஃப்ரிட்ஜில் ஒரு வாரம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் கல்லாக இருக்கும், அரை மணி வெளியே வைத்துச் சாப்பிடுங்கள். ஒவ்வொரு துண்டாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம். செய்த அன்றைவிட மறுநாள் சுவை கூடும், அதனால் விருந்தாளி வருவதற்கு முந்தின நாளே செய்துவிடலாம். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாய்க்கு விஷம்.

முதல் தடவை எதையும் மாற்றாமல் எழுதியபடியே செய்யுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் எடுத்தீர்கள், வெட்டியபோது எப்படி இருந்தது என்று இந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே பென்சிலால் குறித்துவையுங்கள். அடுத்த தடவை நான் சொன்ன நேரத்தை விட்டுவிட்டு அந்தக் குறிப்பைப் பார்த்துச் செய்யுங்கள்.